கத்தரிக்கோலைத் துடைத்துவிட்டு அடுத்த செடிக்குப் போங்கள்

மாடித் தோட்டத்தில் ஒரு செடியை வெட்டி முடித்ததும், மருந்துக்கடையில் கிடைக்கும் 70% ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து கத்தரிக்கோலை நன்றாகத் துடைத்துவிட்டு அடுத்த செடியைத் தொடுங்கள். எலுமிச்சையில் சொறி நோயை உண்டாக்கும் பாக்டீரியா வெட்டுவாயில் கசியும் சாறோடு கத்தியில் ஒட்டிக்கொண்டு, அடுத்த செடியின் புதுக் காயம் வழியாக நேராக உள்ளே போய்விடும், சில நேரம் நோயைப் பரப்புவது நம் கைதான். ஆல்கஹால் அந்தப் பாக்டீரியாவின் புரதத்தைச் சிதைத்துக் கொல்கிறது. பிளீச்சிங் கரைசல் மாதிரி இரும்பை அரிக்காது, ஊறவைக்கவும் வேண்டாம். தீப்பிடிக்கும் பொருள், அடுப்பு பக்கம் மட்டும் வைக்காதீர்கள்.

தக்காளி, மிளகாயில் வரும் புகையிலை மொசைக் வைரஸுக்கு இது உதவாது, அது ஆல்கஹாலுக்கு அசையாது. அதற்கு 100 மில்லி தண்ணீரில் 20 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடரைக் கரைத்து, கத்தரிக்கோலை அதில் முக்கி எடுக்கலாம். அப்புறம், மிளகாய் இலைச்சுருட்டு வைரஸ் வெள்ளை ஈயால் வருவது; பெங்களூரு மழைக்காலத்துக் குளிரில் தக்காளியைக் கருக்கும் நோய் காற்றில் வரும் கிருமியின் நுண்வித்துகளால் பரவுவது. இந்த இரண்டுக்கும் எவ்வளவு துடைத்தும் பயனில்லை.