ஆக்சிமீட்டர் காட்டிய 88

2021 மே மாதம், பெரம்பூரில் எங்கள் வீட்டின் பின்னறையில், கொரோனா தொற்றிய அம்மாவைத் தனிமைப்படுத்தி வைத்திருந்தோம். லேசான காய்ச்சலும் இருமலும்தான். வீட்டிலேயே இருக்கலாம், ஆனால் இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

நான்காம் நாள் இரவு, விரலில் மாட்டி அந்த அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் 88 காட்டியது. நூற்றெட்டை அழைக்கக் கைப்பேசியை எடுத்துவிட்டேன். ஆனால் அம்மாவோ மூச்சுத் திணறல் ஏதுமின்றி, ரசத்தில் உப்பு கூடிவிட்டதென்று முழு வாக்கியங்களில் குறை சொல்லிக்கொண்டிருந்தார். கருவியை என் விரலில் மாட்டிப் பார்த்தேன், 98. அப்போதுதான், ஏசிக்கு நேர் எதிரே படுத்திருந்த அம்மாவின் விரல்கள் சில்லிட்டிருந்ததைக் கவனித்தேன். விரல்நுனியில் இரத்த ஓட்டம் குறைந்தால் ஒளியைக் கொண்டு அளக்கும் அந்தக் கருவி தடுமாறும்.

ஏசியை அணைத்து, உள்ளங்கைகளைச் சூடேறத் தேய்த்து, ஐந்து நிமிடம் அசையாமல் உட்காரவைத்து, நடுவிரலில் மாட்டி, எண் நிலைக்கும்வரை ஒரு நிமிடம் காத்திருந்தேன். 97 வந்தது. மறு கையிலும் அதே எண்தான். (சாயம் பூசிய நகமும் இப்படி ஏமாற்றும்.) கை சூடான பிறகும் 94-க்குக் கீழேயே நின்றிருந்தால், கருவியோடு வாதாடாமல் ஆம்புலன்ஸை வரவழைத்திருப்பேன்.

அன்றிலிருந்து ஆறு மணிக்கொருமுறை அளந்து, கிழித்த காலண்டர் தாளின் பின்புறம் நேரத்தோடு குறித்துவந்தேன். மாலையில் கூடத்தில் ஆறு நிமிடம் நடக்கவைத்தும் பார்த்தோம். நடந்த பின்னும் அளவு 95-க்குக் கீழே போகவில்லை.