வெளிநாட்டுக் கூட்டாய்வுக்கு நிதி கோருதல்: கொழும்பு ஆய்வாளர்களுக்கான வழிகாட்டி

விண்ணப்ப முடிவுத் திகதிக்குப் பத்து நாட்கள் இருக்கும்போது வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவரிடமிருந்து, இலங்கைப் பங்காளர் ஒருவர் தேவைப்படுவதாகவும் தன்விவரக் கோவையும் ஒப்புதற் கடிதமும் அனுப்புமாறும் கேட்டு மின்னஞ்சல் வருவது இங்குள்ள விரிவுரையாளர்கள் பலருக்குப் பழக்கமானது. அவ்வாறு தொடங்கும் கூட்டாய்வில் வினாவும் வினாக்கொத்தும் அங்கே எழுதப்படுகின்றன. மாதிரி சேகரிப்பது மட்டும் இங்கே நடக்கிறது. நிதி தேடுவதற்கு முன்பே ஆய்வு வினாவை நமது கையில் வைத்திருப்பதுதான் இதற்கு மாற்று வழி. பின்வரும் படிகள் அனைத்தும் அதை முன்னிட்டே எழுதப்படுகின்றன.

வினாவை நம் ஊரிலிருந்து எடுங்கள். 2018 ஒக்டோபரில் கொழும்பு, ஈரநிலங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சார் சமவாயத்தின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 2016 மே மாதத்தில், களனி கங்கை பெருகிக் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் நீரில் மூழ்கின. சதுப்பு நிலம் நிரப்பப்படுவதற்கும், வெள்ளம் வடிந்தபின் பரவும் எலிக்காய்ச்சலுக்கும், உறுதிப்பத்திரம் இல்லாத காணியில் வாழும் குடும்பம் இடம்பெயர மறுப்பதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், நீரியல், மருத்துவம், காணிச் சட்டம், சமூகவியல் ஆகிய நான்கும் ஒரே மேசைக்கு வந்தாக வேண்டும். பல்துறை என்று எழுதிவிட்டால் போதாது. ஒரு துறையின் விடை இல்லாமல் அடுத்த துறை தன் வேலையைத் தொடங்க முடியாத இடம் எது என்பதை இரண்டு பக்கக் கருத்துக் குறிப்பில் காட்ட வேண்டும். மதிப்பீட்டாளர்கள் முதலில் தேடுவது அந்த இடத்தைத்தான்.

கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பொறியியற் பீடம் இல்லை என்பதால், மேற்சொன்ன வினாவின் நீரியல் பகுதிக்கு கின்சி வீதி மருத்துவ பீடத்தினரும் கலைப் பீடத்தினரும் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் துணையை நாட வேண்டியிருக்கும். உள்ளூரில் இரு நிறுவனங்கள் சேர்ந்தால் கையொப்பங்களும் அனுமதிகளும் இரட்டிப்பாகும். அதற்கான காலத்தை முன்கூட்டியே ஒதுக்குங்கள்.

பெருந்தொகைக்கு முன்னர் விதை நிதி தேடுவது நல்லது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல, தம் ஆசிரியர்கள் பிறநாட்டுப் பங்காளருடன் பல்துறைக் கூட்டாய்வைத் தொடங்குவதற்கெனச் சிறு தொகைகளை ஆண்டுதோறும் ஒதுக்குகின்றன. பெரும்பாலும் விண்ணப்பதாரர் அங்குள்ளவராகவே இருக்க வேண்டும். பணமும் அங்கேயே கணக்கு வைக்கப்பட்டு, பயணத்துக்கும் பயிலரங்குக்கும் மட்டும் செலவாகும். ஆகவே இரு தரப்பிலும் ஒரே நேரத்தில் சிறு நிதி கோருவதே சிறந்தது: அவர்கள் தம் பல்கலைக்கழகத்திலும், நீங்கள் உங்கள் பல்கலைக்கழகத்தின் உள்ளக ஆராய்ச்சி நிதியிலோ மெயிற்லன்ட் பிளேசிலுள்ள தேசிய விஞ்ஞான மன்றத்திலோ விண்ணப்பிக்கலாம். நம் பக்கத் தொகை சிறிதாயினும், அது இருக்கும்போது பயிலரங்கைக் கொழும்பில் நடத்தும்படி கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு.

அடுத்த கட்டத்தில், எந்தத் திட்டம் எதற்கானது என்பதில் தெளிவு வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திறன்விருத்தித் திட்டம் பாடநெறியையும் நிறுவன ஆற்றலையும் வளர்ப்பதற்கானது. களஆய்வுச் செலவை அதில் ஏற்ற முயல வேண்டாம். மேரி ஸ்க்லொடோவ்ஸ்கா கியூரி பணியாளர் பரிமாற்றத் திட்டத்தில் ஒருவர் ஒரு மாதம் முதல் பன்னிரண்டு மாதம் வரை பங்காளர் நிறுவனத்தில் சென்று பணியாற்றலாம். இளம் விரிவுரையாளர்களுக்கு மிகப் பொருத்தமானது இதுவே. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதித் திட்டமான ஹொரைசன் யூரோப்பின் (2021–2027) கூட்டுத் திட்டங்களில், ஒன்றியத்தின் உறுப்பு நாடுகள் அல்லது இத்திட்டத்தில் உடன்படிக்கை மூலம் சேர்ந்த இணை நாடுகள் மூன்றிலிருந்து, ஒவ்வொன்றிலும் ஒன்றாக, குறைந்தது மூன்று சுயாதீன நிறுவனங்கள் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்றாவது உறுப்பு நாட்டைச் சேர்ந்திருக்க வேண்டும். இலங்கை நிறுவனம் அந்த மூன்றில் எண்ணப்படாது. ஆனால் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளின் பட்டியலில் இடம்பெறுவதால் நேரடியாக நிதி பெறலாம். பங்காளர் இதை அறியாமல் உங்களை நிதியற்ற இணைப் பங்காளராகக் குறித்திருந்தால் உடனே திருத்தக் கேளுங்கள். காலநிலை, சுற்றுச்சூழல் சார்ந்த வினாவானால், கோபேயைத் தலைமையிடமாகக் கொண்ட ஆசிய பசிபிக் உலக மாற்ற ஆய்வு வலையமைப்பையும் பாருங்கள்; இலங்கை அதன் உறுப்பு நாடு.

மேற்சொன்ன ஐரோப்பிய ஒன்றியத் திட்டங்களுக்கு விண்ணப்பிக்க நிறுவனத்தின் ஒன்பது இலக்கப் பங்கேற்பாளர் எண் தேவை. அது துறைக்கோ தனிநபருக்கோ உரியதன்று, முழுப் பல்கலைக்கழகத்துக்கும் ஒன்றே. அவசரத்தில் புதிதாக ஒன்றைப் பதிவுசெய்யாமல், ஏற்கெனவே உள்ள எண்ணைப் பதிவாளர் அலுவலகத்திலோ ஆராய்ச்சிப் பிரிவிலோ கேட்டுப் பெறுங்கள்.

வரவுசெலவுத் திட்டத்தில்தான் பங்காண்மையின் உண்மை நிலை வெளிப்படும், ஆகவே இதற்கு அதிக நேரம் கொடுங்கள். வெல்லம்பிட்டியில் ஒரு வீட்டு வாசலில் அமர்ந்து ஒப்புதற் படிவத்தை வாசிக்கும் ஆய்வு உதவியாளரை நினைத்துப் பாருங்கள். ஆங்கிலப் படிவம் தமிழிலும் சிங்களத்திலும் பெயர்க்கப்பட வேண்டும்; பெயர்ப்பு சரியா என்று வேறொருவர் மூலத்துக்குத் திருப்பிப் பெயர்த்துப் பார்க்க வேண்டும்; வீட்டில் தமிழ் பேசுகிறார்களா, சிங்களம் பேசுகிறார்களா என்பதற்கேற்ப இரு மொழியிலும் உதவியாளர் தேவை; பேட்டிகளை எழுத்தில் வடிக்கும் கூலி தனி. வெளிநாட்டில் தயாராகும் வரவுசெலவில் இந்த வரிகள் அநேகமாக இருப்பதில்லை. நாம் எழுதாவிட்டால், தமிழ் பேசும் குடும்பங்களின் பதில்கள் ஆய்வில் இடம்பெறாமலே போய்விடும். இதைச் செலவு குறைப்பதற்காக விட்டுக்கொடுக்கக்கூடாது என்று உறுதியாகச் சொல்வேன்.

மேந்தலைச் செலவையும், அதாவது நிர்வாகம் போன்ற மறைமுகச் செலவையும், கேட்கத் தயங்க வேண்டாம். ஹொரைசன் யூரோப்பில் அது பொதுவாகத் தகுதியுள்ள நேரடிச் செலவின் 25 வீதமாக நிர்ணயிக்கப்பட்டுள்ளது. நமது பங்குக்கு உரியது நமது பல்கலைக்கழகத்துக்கே வர வேண்டும். நாணயமாற்று விகிதத்துக்கும் இடம் விடுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. இறக்குமதிப் பொருட்களை வெளிநாட்டு நாணயத்திலும், சம்பளத்தையும் போக்குவரத்தையும் ரூபாயிலும் கணக்கிட்டு, மீளொதுக்கீட்டுக்கான விதியை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நிதி இடையில் நிற்கவும் கூடும்: பிரித்தானியா 2021இல் வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தின் 0.7 வீதத்திலிருந்து 0.5 வீதமாகக் குறைத்தபோது, நடந்துகொண்டிருந்த கூட்டாய்வுகளே வெட்டுக்குள்ளாயின. பணம் நின்றால் உதவியாளர்களின் மீதி ஒப்பந்தக் காலத்துக்கு யார் பொறுப்பு என்பது உடன்படிக்கையில் இருக்கட்டும்.

அந்த உடன்படிக்கையில் தரவு எங்கே சேமிக்கப்படும், யார் எந்தக் கட்டுரைக்கு முதலாசிரியர், மாதிரிகள் நாட்டைவிட்டு வெளியேறுமா, வெளியேறினால் எஞ்சியவை திரும்புமா என்பன இடம்பெற வேண்டும். வறிய நாடுகளுடன் நேர்மையான கூட்டாய்வுக்கென 2018இல் வெளியான டிரஸ்ட் நெறிமுறைக் கோவையை எடுத்துக்காட்டினால் பேச்சு எளிதாகும். பேரம் பேசுகிறீர்கள் என்ற எண்ணமும் எழாது. புரிந்துணர்வு உடன்படிக்கை சட்டப் பரிசீலனை கடந்து பல்கலைக்கழகப் பேரவை வரை செல்ல வேண்டியிருப்பதால் மாதக்கணக்கில் எடுக்கும். விண்ணப்பத்துடன் சமாந்தரமாகத் தொடங்குங்கள். ஒழுக்கநெறி மீளாய்வு இங்கும் தனியாக நடக்க வேண்டும், வெளிநாட்டு அனுமதி அதற்கு ஈடாகாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலைச் சிறப்பு வகைத் தரவாகக் கருதுகிறது என்பதையும் விண்ணப்பத்தில் கருத்திற்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். தலைமை நிறுவனத்துக்கு மட்டும் அனுப்பப்படுவதால் அது நம்மிடம் வராமலே போய்விடுகிறது. ஹொரைசன் யூரோப் ஆய்வுத் திட்டங்களில் சிறப்பு, தாக்கம், நடைமுறைப்படுத்தல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஐந்து புள்ளிகள். பொதுவாக ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்றும், மொத்தத்தில் குறைந்தது பத்தும் பெற வேண்டும். நடைமுறைப்படுத்தலில் புள்ளி குறைந்திருந்தால் வேலைப் பங்கீட்டையும் வரவுசெலவையும் திருத்தினால் போதும். சிறப்பில் குறைந்திருந்தால், கருத்துக் குறிப்பை மீண்டும் எடுத்து, நான்கு துறையினரையும் கொழும்பில் ஒரு முழுநாள் உட்காரவைத்து, வினாவையே மறுபடி எழுதுங்கள்.