வேடம் கட்டிய புஷ்பமாலா: பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

நம் பூஜை அறைகளில் மாட்டியிருக்கும் அதே ரவி வர்மா லட்சுமி. தாமரை இருக்கிறது, நான்கு கைகள் இருக்கின்றன. கொஞ்சம் நின்று பார்த்தால்தான் உறுத்தும்: இது ஓவியம் அல்ல, புகைப்படம். தாமரைமேல் நிற்பவர் நாற்பதைக் கடந்த ஒரு பெண். பின்னால் இருப்பது வரைந்த திரை.

பெங்களூரைச் சேர்ந்த புஷ்பமாலா என்., புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து 2000 முதல் 2004 வரை உருவாக்கிய ‘நேட்டிவ் விமன் ஆஃப் சவுத் இந்தியா: மேனர்ஸ் அண்ட் கஸ்டம்ஸ்’ (தென்னிந்தியச் சுதேசிப் பெண்கள்: பழக்கவழக்கங்கள்) என்ற புகைப்பட வரிசையில் ஒன்று இது. வேளாங்கண்ணி மாதா, பீஜப்பூர்ச் சிற்றோவியத்து யோகினி, சினிமா ஸ்டில்லில் சாட்டை பிடித்த நாயகி, நீலகிரிப் பழங்குடியான தோடர் பெண் என்று ஏற்கெனவே இருக்கும் படங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் தானே வேடம் கட்டி நிற்கிறார்.

‘மறக்கப்பட்ட பெண்களை மீட்டெடுக்கும் கலை’ என்று இதற்கு உடனே ஒரு வரி எழுதிவிடத் தோன்றும். நானும் அப்படி எழுதி, பிறகு அடித்தவன்தான். லட்சுமியை யார் மறந்தார்கள்? வேளாங்கண்ணி மாதாவை? இவர்கள் எல்லோரும் அளவுக்குமேல் பார்க்கப்பட்டவர்கள். அச்சிலும் திரையிலும் காலண்டரிலும் பார்த்துப் பார்த்தே பெண் என்பவள் ஓர் ‘இனம்’, ஒரு ‘மாதிரி’ ஆகிப்போனாள். புஷ்பமாலா கைவைப்பது அந்தப் பார்வையில்.

எல்லாவற்றிலும் அவர் முகமே இருப்பதால், இது அவருடைய சொந்தக் கதை என்று எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. பெண் கலைஞர் என்றால் படைப்பில் அவருடைய மனக்காயத்தைத் தேடுவது விமர்சகர்களுக்குப் பழகிவிட்டது. கூத்தில் திரௌபதி வேடம் கட்டியவரிடம் போய், உங்களுக்கு எத்தனை கணவர் என்று நாம் கேட்பதில்லையே.

‘இந்தியாவின் சிண்டி ஷெர்மன்’ என்ற பட்டமும் வேண்டாம். ஷெர்மன், தானே வேடமிட்டுத் தன்னையே படமெடுக்கும் அமெரிக்கக் கலைஞர். அவர் 1977 முதல் 1980 வரை சினிமா ஸ்டில் போலவே எடுத்த புகைப்படங்களுக்கு மூலப் படமே கிடையாது. பார்த்த மாதிரி இருக்கும், ஆனால் எந்தப் படத்திலும் இராது. புஷ்பமாலாவுக்கோ மூலம்தான் முக்கியம். வரிசையின் இன்னொரு படத்தில், ‘1889ஆம் ஆண்டு ரவி வர்மா ஓவியத்தைப் பின்பற்றி’ என்று தலைப்பிலேயே சொல்லிவிடுகிறார். அந்தச் சிறிய எழுத்தைப் படிக்காமல் நகர்ந்தால் பாதி வேலை கண்ணில் படாது.

மிகவும் தடுமாற வைப்பது தோடர் பெண் படம். பின்னால் கட்டம் போட்ட திரை. 1869இல் ஜான் லாம்ப்ரி என்பவர் ஒரு மரச்சட்டத்தில் பட்டுநூலை இரண்டு அங்குலக் கட்டங்களாக இழுத்துக் கட்டி, அதன் முன்னால் மனிதர்களை நிறுத்திப் படமெடுக்கும் முறையைச் சொன்னார். உடம்பைப் படத்திலிருந்தே அளந்துவிடலாம் என்பது கணக்கு. இது எங்கோ லண்டன் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். நம் எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியர்களின் மூக்கை அகலம், நீளம் என்று அளந்து சாதிவாரியாகக் குறித்துவைத்தவர். நீலகிரித் தோடர்களையும் விட்டுவைக்கவில்லை. அந்த உழைப்பு 1909இல் ஏழு தொகுதிகளாக வந்தது.

இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ‘அந்தத் தோடர் பெண்ணுக்குக் குரல் கொடுத்திருக்கிறார்’ என்பது பெரிய தவறு. நகரத்தில் வாழும், கலைக்கல்லூரியில் சிற்பம் படித்த ஒருவர் கட்டத்தின் முன்னால் போய் நிற்கிறார், அவ்வளவுதான். அவர் நினைத்தால் வேடத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அளக்கப்பட்டவர்களுக்கு அந்த வசதி இருந்ததா? படத்தில் கிடைப்பது அளவுகோலின் உருவம். அளக்கப்பட்டவளின் பேச்சு இதில் இல்லை. ஒரு பழங்குடிப் பெண்ணின் வேடத்தை இப்படிக் கட்டலாமா என்று யாராவது கேட்டால், அது நியாயமான கேள்வி. கலைஞரைக் காப்பாற்றும் அவசரத்தில் அதை மூடிவிடக் கூடாது.

கிளேர் ஆர்னியின் பெயரை விட்டுவிட்டு எழுதுவதையும் அடிக்கடி பார்க்கிறேன். கவனிக்கப்படாத பெண்களைப் பற்றிய கட்டுரையில், கேமராவுக்குப் பின்னால் இருந்த பெண்ணையே காணோம்! இந்தத் திட்டத்தில் படப்பிடிப்பின் பின்புறத்தைக் காட்டும் தனிப் பகுதியே உண்டு. அவசரத்தில் பலர் தாண்டிப்போவது அதைத்தான்.

இன்னொன்று, முகத்தை இறுக்கி வைத்துக்கொள்வது. கலைக்கூடத்துக்குள் நுழைந்தாலே நமக்குக் கோயில் பிராகாரத்து அமைதி வந்துவிடுகிறது. இந்தப் படங்களில் கேலி இருக்கிறது. ஜோடனை ஜோடனையாகவே தெரிகிறது. சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள்.