கவுன்சிலிங்குக்குப் பணம் கட்டும் முன்: நம் ஊர்ப் பக்கம் நடக்கும் தவறுகள்

மனநல ஆலோசனையைப் பாதியில் விட்டவர்களிடம் ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் முதலில் "ஒண்ணும் பிரயோஜனம் இல்லை" என்பார்கள், இன்னும் கொஞ்சம் பேசவிட்டால் பணப் பேச்சு வெளியே வரும். வராத நாளுக்கும் பீஸ் கேட்டார்கள். பத்து செஷனுக்கு மொத்தமாகக் கட்டி நாலோடு நின்றேன், மீதி திரும்பி வரவில்லை. பையன் உள்ளே என்ன பேசினான் என்று கேட்டால் ஆலோசகர் சொல்ல மாட்டேன் என்கிறார், பணம் கட்டுவது நானாச்சே. காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் இந்த மூன்றும்தான் திரும்பத் திரும்பக் காதில் விழுகின்றன. மூன்றுமே முதல் போன் பேச்சில் தீர்ந்திருக்க வேண்டியவை. உதவி உண்மையாகவே தேவைப்படுகிற ஒருவர் இதற்காகக் கசந்துபோய் வெளியேறுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

முதல் தவறு கூச்சம். கல்யாணத்துக்கு இசைகுடிமானம் என்ற ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போடுகிற ஊர் நம் ஊர், கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்க நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் மனநல ஆலோசகர் என்றதும் பணத்தைப் பற்றிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று வாயை மூடிக்கொள்கிறோம். கேளுங்கள். ஒரு செஷனுக்கு எவ்வளவு, எத்தனை நிமிடம், முதல் தடவைக்குத் தனிக் கட்டணமா, முன்பணமா பின்பணமா, வர முடியாமல் போனால் என்ன, ஆன்லைனுக்கும் அதே பீஸா, பீஸை உயர்த்தினால் எத்தனை நாள் முன்னால் சொல்வீர்கள். பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள், பின்னால் ‘நான் அப்படிச் சொல்லவே இல்லையே’ என்ற பேச்சுக்கே இடம் இருக்காது. நல்ல ஆலோசகர்கள் இதையெல்லாம் ஒரு தாளில் போட்டு முதல் நாளே கையெழுத்து வாங்குவார்கள். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதும் ஒரு தவறுதான். கேட்டதற்கே முகம் சுளிக்கிற இடம் என்றால் அது வேண்டாம், வேறு இடம் பாருங்கள்.

அடுத்தது, யாருக்குப் பணம் கட்டுகிறோம் என்றே தெரியாமல் போவது. மனநல மருத்துவர் என்றால் எம்பிபிஎஸ் முடித்து மேலே மனநலம் படித்தவர், மாத்திரை எழுதித் தரக்கூடியவர். பெரும்பாலும் அவருடைய நேரம் குறைவு. உளவியல் ஆலோசகரோ நாற்பத்தைந்து, ஐம்பது நிமிடம் உட்கார்ந்து பேசுவார், மாத்திரை எழுத முடியாது. மருத்துவரிடம் போய்விட்டு ‘என் கதையைக் கேட்கவே இல்லை’ என்று வருத்தப்படுவதும், ஆலோசகரிடம் போய்விட்டு ‘தூக்கத்துக்கு ஒரு மாத்திரைகூடத் தரவில்லை’ என்று குறைசொல்வதும் இந்த வித்தியாசம் தெரியாததால்தான். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு வைத்திருந்தால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேட்கலாம். ‘கவுன்சிலர்’ என்ற பெயரை மட்டும் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்கிறார்கள், அதனால் அங்கே என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி எடுத்தீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது இன்னும் அவசியம்.

இனி, சண்டை அதிகம் வரும் இடத்துக்கு வருவோம், அதாவது கேன்சல் பண்ணும் விதி. நமக்குப் பழக்கம் டோக்கன் முறை. நாம் போகாவிட்டால் அடுத்த டோக்கன்காரர் உள்ளே போவார், டாக்டருக்கு நஷ்டம் இல்லை. ஆலோசனை அப்படி நடப்பதில்லை. புதன்கிழமை ஐந்து மணி என்றால் அந்த நேரம் உங்களுக்காகவே காலியாக வைக்கப்பட்டிருக்கிறது, நாலரைக்கு வரவில்லை என்று சொன்னால் அங்கே வேறு யாரையும் உட்கார வைக்க முடியாது. அதனால்தான் பல இடங்களில் 24 மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும், சில இடங்களில் 48, இல்லாவிட்டால் பாதியோ முழுசோ பீஸ் என்று வைத்திருக்கிறார்கள். இந்த விதியில் எனக்கு அநியாயம் எதுவும் தெரியவில்லை. அதை முன்கூட்டியே சொல்லாமல் பிறகு வசூலிப்பதுதான் அநியாயம்.

நம் பக்கம் நாள் தவறுவதற்குக் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள், கொப்புடையம்மன் திருவிழா, முன்னோருக்கு வீட்டுப் படைப்பு, சொந்தத்தில் அறுபதாம் வயதுச் சாந்தி, கல்யாணம். இவையெல்லாம் தேதி முன்பே தெரிந்தவை, தெரிந்த அன்றே சொல்லிவிட்டால் ஒரு ரூபாய்கூடப் போகாது. கேதம், அதாவது சொந்தத்தில் சாவு வந்தால், காய்ச்சலில் படுத்துவிட்டால் என்ன செய்வார்கள் என்பதைத் தனியாகக் கேட்டு வையுங்கள், நிறையப் பேர் அதற்கு விட்டுக்கொடுப்பார்கள். யாரிடம் சொன்னால் சொன்னதாகக் கணக்கு என்பதும் முக்கியம். ரிசப்ஷனில் இருக்கிற பெண்ணிடம் போகிற போக்கில் சொன்னது ஆலோசகர் காதுக்குப் போகாமலே இருக்கலாம். ராத்திரி பதினொரு மணிக்கு ‘நாளைக்கு வரலைங்க’ என்று மெசேஜ் போட்டால் அது 24 மணி நேரத்தில் சேராது.

ஊரில் பார்த்தால் தெரிந்தவர்கள் கண்ணில் படும் என்று மதுரைக்கும் திருச்சிக்கும் போகிறவர்கள் உண்டு. அவர்கள் கணக்குப் போடாமல் விடுவது பஸ் செலவையும் அரை நாள் கூலியையும். தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும் செஷன் குறித்த நேரத்தில்தான் முடியும், பீஸ் முழுசாகத்தான் இருக்கும், ஏனென்றால் அடுத்தவர் வெளியே காத்திருப்பார். பஸ் தாமதமானால் அன்றைக்கு மட்டும் போனிலோ வீடியோவிலோ பேசிக்கொள்ள முடியுமா என்று முதலிலேயே கேட்டு வைத்தால் பாதிப் பதற்றம் குறையும். சிங்கப்பூரில், மலேசியாவில் இருந்துகொண்டு நம் ஊர் ஆலோசகரிடம் தமிழில் பேசுகிறவர்கள் நேரத்தை எந்த ஊர்க் கணக்கில் குறித்தோம் என்று பார்க்க வேண்டும். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், அதில் குழம்பி ஒரு செஷனையே இழந்துவிடுகிறார்கள்.

பேக்கேஜ். பத்து செஷனுக்குச் சேர்த்துக் கட்டினால் குறைவு என்பார்கள். ஒருவரோடு நமக்கு ஒத்துப்போகுமா என்பது இரண்டு மூன்று தடவை பேசினால்தான் தெரியும், அதற்கு முன்னால் பத்துக்கும் கட்டுவது அவசரம். கட்டத்தான் போகிறீர்கள் என்றால் எத்தனை மாதத்துக்குள் முடிக்க வேண்டும், பாதியில் நின்றால் மீதி கிடைக்குமா, அப்போது முடிந்த செஷன்களுக்குக் கழித்துக்கொள்வது சலுகை விலையிலா முழு விலையிலா என்று எழுத்தில் வாங்குங்கள். பேசியபடி நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, ஆனால் அதற்குக் கையில் ரசீது வேண்டும். ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ரசீது கேட்காமல் வருவது நம்மவர்களின் பழைய பழக்கம், இதை மட்டுமாவது விட்டுவிடுங்கள்.

பணம் கட்டுகிறவர் வேறு, பேசுகிறவர் வேறு என்று இருக்கும் குடும்பங்களில் இன்னொரு சிக்கல். அண்ணன் வெளிநாட்டிலிருந்து அனுப்புகிறார், அல்லது அப்பா கட்டுகிறார், அதனால் உள்ளே பேசியது தனக்குத் தெரிய வேண்டும் என்று நினைக்கிறார். பதினெட்டு வயது தாண்டியவர் பேசியதை அவர் சம்மதம் இல்லாமல் ஆலோசகர் வெளியே சொல்லக் கூடாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே அந்த ரகசியத்துக்கு உரிமை கொடுக்கிறது. உயிருக்கு ஆபத்து, கோர்ட் உத்தரவு, குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் போன்ற சிலவற்றுக்குத்தான் விலக்கு. இதைத் தெரியாமல் அப்பாமார்கள் ஆலோசகரோடு மல்லுக்கு நிற்பதால் கடைசியில் நஷ்டப்படுவது பிள்ளைதான். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், பிள்ளை தானாகச் சொல்லும்வரை காத்திருங்கள்.

மறுபக்கம், வீட்டுக்குத் தெரியாமல் போகிற மருமகள்கள், கல்லூரிப் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது: ரசீது யார் பெயரில், எந்த நம்பருக்கு வருகிறது, நினைவூட்டல் மெசேஜ் யார் போனுக்குப் போகிறது, கூட்டுக் கணக்கிலிருந்து ஜிபே பண்ணினால் பாஸ்புக்கில் என்ன பெயர் விழும். முதல் நாளே சொல்லி வைத்தால் அவர்களும் பார்த்து நடந்துகொள்வார்கள்.

இன்சூரன்ஸ் கட்டிவிடும் என்ற நம்பிக்கையில் ஆரம்பிக்காதீர்கள். உடல் நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று அதே 2017 சட்டம் சொல்கிறது, உண்மைதான். ஆனால் சாதாரண பாலிசிகள் ஆஸ்பத்திரியில் சேர்ந்து படுத்தால்தான் பணம் தரும், வாராவாரம் போய்ப் பேசிவிட்டு வருவது வெளிநோயாளிச் செலவு, அதற்குத் தனிப் பிரிவு எடுத்திருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடே இல்லாத, அறுபது தாண்டிய பெற்றோருக்கு நீங்கள் செய்யும் மருத்துவச் செலவில் வருடத்துக்கு 50,000 ரூபாய் வரை பழைய வரி முறையில் கழிவு உண்டு, ரொக்கமாகக் கட்டியது அதில் வராது. ஆலோசனைச் செலவும் சேருமா என்று ரசீதுகளைக் காட்டி ஆடிட்டரிடம் கேளுங்கள்.

பிள்ளைகளுக்கு எடுக்கும் சோதனைகள், எழுதித் தரும் அறிக்கைகள், பள்ளிக்கோ கோர்ட்டுக்கோ கடிதம், இவையெல்லாம் செஷன் பீஸில் அடங்காது, பெரும்பாலும் தனி விலை. பள்ளியில் எந்தச் சான்றிதழை ஏற்றுக்கொள்வார்கள், அரசு மருத்துவமனைச் சான்றிதழ்தான் வேண்டுமா என்று கேட்டுவிட்டு அப்புறம் சோதனைக்குப் பணம் கட்டுங்கள்.

கடைசியாக, கட்ட முடியாமல் போனால் சொல்லாமல் காணாமல் போவது. இதுதான் எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் வருத்தம் தருவது. நேராகச் சொல்லுங்கள், பீஸைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள், வாரம் ஒன்றை இரண்டு வாரத்துக்கு ஒன்றாக ஆக்கலாம். அதுவும் முடியாது என்றால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பணம் இல்லாமலே பார்க்கலாம். மத்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், இலவசம். உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வந்தால் அடுத்த செஷன்வரை காத்திருக்காமல் அப்போதே இந்த எண்ணைக் கூப்பிடுங்கள், ஏனென்றால் தனியார் ஆலோசகர்கள் பலர் ராத்திரியில் போன் எடுப்பதில்லை. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் பீஸ் இல்லை என்பதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்திவிட வேண்டாம், இருக்கிற சீட்டை எடுத்துக்கொண்டு மாத்திரை தீர்வதற்கு முன்பே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.