அழிந்த அலையாத்திக் காட்டை மீட்பது எப்படி: முதலில் தண்ணீருக்கு வழி, பிறகே கன்று

அலையாத்திக் காடு அழிந்த இடத்தில் கன்று நடுமுன், அது ஏன் அழிந்தது என்பதைக் கண்டறிய வேண்டும். பிச்சாவரத்தில் ஆங்கிலேயர் காலம் முதலே காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்ததால், வெயில் நேரே விழுந்து ஈரமண் காய்ந்து அமிழ்ந்து, நிலம் தாம்பாளம்போலக் குழிந்தது. கடல் பொங்கும் ஏற்றத்தில் புகுந்த நீர், கடல் உள்வாங்கும் வற்றத்தில் திரும்ப வழியின்றித் தேங்கி ஆவியாக, மண்ணில் உப்பு மிகுந்துகொண்டே போயிற்று. அத்தகைய திடலில் உமரி போன்ற உப்புச் செடிகள்தாம் நிற்கும். எத்தனை ஆயிரம் கன்று நட்டாலும் கருகிவிடும்.

ஆகவே, அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டி, ஏற்றவற்றம் பெரிதாக இருக்கும் நாளில், அங்கே இறால் பிடிப்பவர்களை உடன் அழைத்துச் சென்று, தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே தங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நிலம் காப்புக்காடாக இருந்தால் வனத்துறையின் அனுமதியின்றி மண்வெட்டி வைக்கக் கூடாது. புறம்போக்காக இருந்தால் முதலில் வருவாய்த்துறையை அணுக வேண்டும்.

1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் கிராம மக்களோடு சேர்ந்து பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் செய்துகாட்டிய முறை மீன்முள் வாய்க்கால் ஆகும். இயற்கையான ஓடையிலிருந்து ஒரு முதன்மை வாய்க்காலை வெட்டி, அதன் இருபுறமும் கிளை வாய்க்கால்களைச் சாய்வாகப் பிரிக்க வேண்டும். வாய்க்கால் மேலே அகன்றும் அடியில் குறுகியும் இருந்தால்தான் கரை சரியாது. ஒவ்வோர் ஏற்றத்திலும் புதுநீர் உள்ளே வந்து, வற்றத்தில் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியேறும். வடகிழக்குப் பருவமழையில் உப்பு மேலும் தணிந்த பின், வாய்க்கால் கரைச்சரிவின் நடுமட்டத்தில் வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரத்தின் கன்றை நடுங்கள். அலையாத்தி மரங்களில் உப்பை அதிகம் தாங்குவது அதுவே. தண்ணீரோட்டம் நன்றாக உள்ள ஓடைக்கரைக்குச் சுரபுன்னை என்னும் மற்றோர் அலையாத்தி மரம் பொருந்தும். ஆடுமாடு மேயாமல் காப்பது ஊர்க்கூட்டத்தின் பொறுப்பாகட்டும்.

2023-24 மத்திய நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட மிஷ்டி திட்டம், நூறு நாள் வேலைத் திட்டத்தையும் ஈடுசெய் காடுவளர்ப்பு நிதியையும் இணைத்துக் கடலோர மாநிலங்களில் அலையாத்தி வளர்க்க வகைசெய்தது. இத்தகைய நிதிக்கு விண்ணப்பிக்கும்போது கன்றுகளின் எண்ணிக்கையை மட்டும் காட்டாதீர்கள். சேறு படிந்து வாய்க்கால் தூர்ந்தால் தேக்கம் மீண்டும் தொடங்கிவிடும். எனவே ஆண்டுதோறும் தூர்வாரும் செலவை முதல் மதிப்பீட்டிலேயே தனி இனமாக எழுதி, ஒப்புதல் வாங்கிய பிறகே வேலையைத் தொடங்குங்கள்.