அடுத்த தலைமுறைக் கருவிகளுக்கும் ஏற்ற ஃபைபர் லைனை அமைக்கும் முறை

சிற்றூர்களில் வீட்டுக்கு வீடு ஃபைபர் இணைப்பு கொடுக்கும் கேபிள் ஆபரேட்டர்கள் பலர், எந்த ஓஎல்டியை (இழைகளில் ஒளியை அனுப்பும், ஆபரேட்டரிடம் இருக்கும் மையக் கருவி) வாங்குவது என்று மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். கம்பத்தில் இழுக்கும் கேபிளையோ விலையை மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். ஒரே இழையைப் பல வீடுகளுக்குப் பகிரும் ஜிபான் தரம் 2003இல் வந்தபோது, ஓஎல்டியின் ஒரு போர்ட்டின் பதிவிறக்க வேகம் 2.5 ஜிகாபிட்டாக இருந்தது. 2016இல் வந்த எக்ஸ்ஜிஎஸ்-பான் அதை இரு திசைகளிலும் 10 ஜிகாபிட் ஆக்கியது. 2021இல் 50 ஜிகாபிட்டுக்கான தரமும் வெளியாகிவிட்டது. இவை எல்லாம் ஒரே வகை இழையில், ஒளியைப் பல இழைகளுக்குப் பிரித்துத் தரும் ஒரே ஸ்பிளிட்டர்கள் வழியாக, வெவ்வேறு அலைநீளங்களில் ஓடும்படி வகுக்கப்பட்டவை என்பதால், இன்று கவனமாக இழுக்கும் லைன் பல தலைமுறைக் கருவிகளைத் தாங்கும்.

முதலில் கேபிளைத் தேர்ந்தெடுங்கள். முதன்மை லைனுக்கு ஜி.652டி வகை இழையும், வீட்டுக்குள் நுழையும் ட்ராப் கேபிளுக்கு வளைவைத் தாங்கும் ஜி.657ஏ2 வகையும் பொருத்தமானவை. இன்றைய தேவைக்கு 6 கோர் (கேபிளுக்குள் இருக்கும் இழைகள்) போதும் என்று தோன்றினாலும் 12 அல்லது 24 கோர் வாங்குவதே நல்லது, ஏனெனில் கேபிளின் விலை வேறுபாட்டைவிட, பின்னாளில் அதே தெருவில் மறுபடியும் ஆள் வைத்து இழுக்கும் கூலி அதிகம். மின்கம்பங்களை ஒட்டிச் செல்லும் இடங்களில் முறையான அனுமதியுடன், உலோகக் கம்பி இல்லாத கேபிளையே பயன்படுத்துங்கள்; இதில் சிக்கனம் பார்ப்பது தொழிலாளியின் உயிரோடு விளையாடுவதாகும்.

அடுத்து ஒளி இழப்பைக் கணக்கிடுங்கள். இந்த வேலையின் உயிர்நாடி இதுவே. ஓஎல்டி போர்ட்டில் சொருகும், பரவலாகப் புழங்கும் பி பிளஸ் வகை ஜிபான் மாட்யூல் 28 டெசிபெல் வரையிலான இழப்பைத் தாங்கும். ஓஎல்டியிலிருந்து 8 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 0.35 வீதம் இழையில் 2.8 டெசிபெல் போகும், இணைப்பிகளுக்கு 1.5, ஒட்டுகளுக்கு 0.6 என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றுக்கு எட்டு ஸ்பிளிட்டர் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10.5 டெசிபெல்லை எடுத்துக்கொள்வதால், அத்தகைய இரண்டை அடுக்கி 64 வீடுகளுக்குக் கொடுத்தால் மொத்த இழப்பு 25.9 ஆகிறது. மீதமிருக்கும் 2.1 டெசிபெல்லில்தான் வருங்காலப் பழுதுகளின் ஒட்டுகளும், இரு தலைமுறைகளை ஒரே இழையில் சேர்க்கும் வடிகட்டியின் இழப்பும் அடங்க வேண்டும். முதல் நிலையில் ஒன்றுக்கு நான்கு ஸ்பிளிட்டரை வைத்து 32 வீடுகளோடு நிறுத்தினால் மொத்தம் 22.6 ஆகி, 5 டெசிபெல்லுக்கு மேல் கையிருப்பு கிடைக்கும். போர்ட்டுக்கு 32 வீடுகள் என்பதே என் உறுதியான பரிந்துரை.

கேபிள் டிவியையும் இதே இழையில் 1550 நானோமீட்டரில் அனுப்புகிறவர்கள் இணைப்பிகளில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். அந்த ஒளியின் திறன் அதிகம் என்பதால் சிறு எதிரொளிப்பும் படத்தைக் கெடுக்கும். ஆகவே லைன் முழுவதும் முனை சாய்வாகத் தேய்க்கப்பட்ட, பச்சை நிற ஏபிசி இணைப்பிகளையே போடுங்கள். பச்சை நிற இணைப்பியையும், முனை சாய்வில்லாத நீல நிற இணைப்பியையும் ஒருபோதும் ஒன்றோடொன்று சொருகாதீர்கள்.

வளைவுகளை இப்போதே சரிசெய்துவிடுவது அவசியம். ஜிபான் பதிவிறக்கம் 1490 நானோமீட்டரிலும், எக்ஸ்ஜிஎஸ்-பான் பதிவிறக்கம் 1577 நானோமீட்டரிலும் ஓடுகின்றன. அலைநீளம் கூடக்கூட வளைவில் கசியும் ஒளியும் கூடும் என்பதால், ஜாயின்ட் பாக்ஸுக்குள் நெருக்கிச் சுருட்டிய இழை இன்று குறையின்றி வேலை செய்தாலும் கருவியை மாற்றிய பிறகு தொல்லை கொடுக்கக்கூடும். இழையின் எந்த இடத்தில் எவ்வளவு ஒளி இழக்கப்படுகிறது என்று காட்டும் ஓடிடிஆர் சோதனையை 1310, 1550 இரண்டிலும் செய்து ஒப்பிடுங்கள். 1550இல் மட்டும் இழப்பு கூடித் தெரியும் இடத்தில் பெரும்பாலும் வளைவு இருக்கும். இந்தச் சோதனைப் பதிவுகளையும், எந்தக் கோர் எந்தப் பெட்டிக்குப் போகிறது என்ற விவரத்தையும் எழுதி வையுங்கள். லைன் இழுத்தவர் வேலையை விட்டுப் போன பிறகு உங்களிடம் மிஞ்சுவது அந்த ஏடு மட்டுமே.

ஏற்கெனவே வீடுகளில் உள்ள ஈபான் (ஜிபானைப் போன்ற மற்றொரு தரம்) கருவிகளையும் கணக்கில் எடுங்கள். அவை மேல்நோக்கி (வீட்டிலிருந்து ஓஎல்டிக்கு) அனுப்பும் ஒளிக்கு 1260 முதல் 1360 நானோமீட்டர் வரை இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. எக்ஸ்ஜிஎஸ்-பான் மேல்நோக்கிப் பயன்படுத்தும் 1270 இதற்குள்ளேயே அடங்கிவிடுவதால், இரண்டையும் ஒரே இழையில் வைக்க முடியாது. குறுகிய அலைநீள வரம்பில் இயங்கும் ஜிபான் கருவிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. எனவே இனி வாங்கும் வீட்டுக் கருவிகளை ஜிபான் வகையிலேயே வாங்குங்கள். ஈபான் வீடுகளைத் தனிக் கோரில் பிரித்து வைத்து, பழுதாகும்போது ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம்.

10 ஜிகாபிட்டுக்கு மாறும் நேரத்தை விளம்பரங்களைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். இரவு எட்டு முதல் பதினொரு மணி வரை ஒவ்வொரு போர்ட்டிலும் ஓடும் அளவைத் தொடர்ந்து கவனியுங்கள். அது 2.5 ஜிகாபிட்டில் முக்கால் பங்கை அடிக்கடி தொடும் போர்ட்டுக்கு மட்டும், ஜிபானையும் எக்ஸ்ஜிஎஸ்-பானையும் சேர்த்துத் தரும் காம்போ மாட்யூலைப் போடுங்கள். உங்கள் ஓஎல்டி கார்டு அதை ஏற்குமா என்பதை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். அதிக வேகம் கேட்கும் வீட்டில் மட்டும் புதிய ஓஎன்டியை (வீட்டுக் கருவி) வைத்தால் போதும். மற்ற வீடுகளின் கருவிகளைத் தொட வேண்டியதில்லை.