லேத் சக்கில் ரவுண்ட் ராடைப் பிடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லேத்தில் ராடைப் பிடித்துச் சுழற்றும் பகுதிதான் சக், அதில் கவ்வும் தாடைகள்தான் ஜா. மூன்று ஜா சக்கில் ராடைச் செருகி, இறுக்கும் சாவியான கீயைத் திருகினால் மூன்று ஜாவும் சேர்ந்து வந்து கவ்விக்கொள்ளும். ‘தானே சென்டர் ஆகிவிடும்’ என்று நம்புவதில்தான் முக்கால்வாசித் தவறுகள் தொடங்குகின்றன. ஜாக்களை நகர்த்தும் ஸ்க்ரோல் (சுருள் பள்ளமுள்ள தட்டு) தேயத் தேய சென்டரும் விலகும். நல்ல சக்கிலேயே 0.05 மி.மீ. அளவுக்கு ஜாப் (கடையும் பொருள்) அவுட் அடிக்கலாம், அதாவது மையம் விலகி ஆடலாம், பழையதில் 0.1 மி.மீ. தாண்டுவதும் சாதாரணம்.

கச்சா ராடை முதன்முதலாகக் கடையும்போது இதனால் ஒன்றும் குடிமுழுகாது. கடைந்த பரப்பு எப்படியும் ஸ்பிண்டிலோடு (சக்கைச் சுழற்றும் அச்சோடு) ட்ரூவாகத்தான், அதாவது ஒரே மையத்தில்தான் வரும். கழற்றித் திருப்பிப் போடும்போதுதான் வினை. ஒரு புஷ்ஷின் (நடுவில் ஓட்டையுள்ள உருளையின்) வெளிப்பக்கத்தைக் கடைந்துவிட்டு, கழற்றி மறுபடி பிடித்து உள்ளே போர் செய்தால் (ஓட்டையைக் கடைந்தால்), ஓட்டை ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். வெளியையும் உள்ளையும் ஒரே பிடிப்பில் முடித்து, கடைசியில் பார்ட்டிங் அடித்தால் (ராடிலிருந்து வெட்டிப் பிரித்தால்) இந்தத் தொல்லையே இல்லை.

திருப்பித்தான் ஆகவேண்டும் என்றால் ஜாக்களைத் தனித்தனியே நகர்த்தும் நாலு ஜா சக்கும், ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயலும் வேண்டும். இங்கே பலர் சறுக்குவது கணக்கில். ஒரு ஜா பக்கம் டயல் 0 காட்டுகிறது, எதிர் ஜா பக்கம் 0.40 மி.மீ. காட்டுகிறது என்றால், ஜாபை நகர்த்த வேண்டியது 0.20 மட்டுமே. முழு 0.40ஐயும் தள்ளினால் அதே அவுட் எதிர்ப்பக்கம் போய்விடும். முள் அதிகம் காட்டும் பக்கத்துக்கு எதிர் ஜாவைக் கொஞ்சம் தளர்த்தி, அப்புறம் இந்தப் பக்க ஜாவை இறுக்க வேண்டும். ஒரு ஜோடி சரியான பிறகே அடுத்த ஜோடி. நாலையும் மாற்றி மாற்றித் திருகினால் மத்தியானம் வரை முள்ளைத் துரத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சக்கை ஒட்டி மட்டும் டயல் வைத்துவிட்டு ‘ட்ரூ’ என்று சொல்வது இன்னொரு தவறு. ராட் சாய்ந்து பிடிபட்டிருந்தால் அங்கே முள் அசையாது, வெளி முனை ஆடும். முனையிலும் பாருங்கள். ஆடினால் டயலை விலக்கிவிட்டு நைலான் சுத்தியலால் லேசாகத் தட்டி, மறுபடி சக் பக்கம் வந்து சரிபாருங்கள்.

ஜாவைத் துடைக்காமல் ஜாபைப் போடுவது அற்பமாகத் தெரியும். ஆனால் தலைமுடி கனத்தில் ஒரு பிசிறு அடியில் சிக்கினாலே, அத்தனை நேரம் ட்ரூ பார்த்ததும் வீண். மூன்று ஜா சக்கில் ஜாக்களைக் கழற்றினால் 1, 2, 3 என்ற வரிசையிலேயே திரும்பப் போட வேண்டும். மாறினால் அவை நடுவில் ஒன்றுகூடாது.

மெல்லிய குழாயை முரட்டுத்தனமாக இறுக்குவது விநோதமான தவறு. நசுங்கிய நிலையில் உள்ளே வட்டமாக போர் செய்வீர்கள். கழற்றியதும் குழாய் விரிந்து, ஓட்டை முக்கோணச் சாயலுக்குப் போய்விடும். வெர்னியரில் எந்தப் பக்கம் வைத்தாலும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டும். ஷாஃப்டில் ஏற்றும்போதுதான் சிக்கும். குழாயின் அளவுக்குக் கடைந்த சாஃப்ட் ஜா (மென்மையான உலோக ஜா) இதற்கு நல்லது.

ஜாவின் நுனியில் மட்டும் ராடைப் பிடிக்காதீர்கள். விட்டத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல் வெளியே நீண்டால் டெயில் ஸ்டாக்கில் (சக்குக்கு எதிர்முனையில் உள்ள தாங்கியில்) சென்டர் கொடுங்கள், அதாவது கூர்முனையால் தாங்குங்கள். ஸ்பிண்டிலின் பின்பக்கம் நீளமாகத் துருத்தும் மெல்லிய ராட் வேகத்தில் வளைந்து சாட்டைபோல் சுழலும்.

கீயை சக்கில் விட்டுவிட்டு ஸ்விட்ச்சைப் போட்டால் அது எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. கீ சக்கில் இருக்கும்வரை அதிலிருந்து கையை எடுக்காதீர்கள்.